கடல் விலகிப் போன துறைகள்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் வாழும் நமக்குக் கடல் அண்டை வீடன்று. மேற்கே நோக்கினால் மலைத்தொடர் தெரியும். கிழக்கே நோக்கினால் கரிசல் நிலமும் பனைமரங்களும் தெரியும். ஆதலால் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டதும் நம் குடும்பங்கள் பெட்டி கட்டுவது பெரும்பாலும் குற்றாலத்துக்கே. கன்னியாகுமரிக்குச் சென்று சூரியன் உதிப்பதைப் பார்த்துத் திரும்புவாரும், தூத்துக்குடிக்குச் சென்று பிள்ளைகளுக்குக் கப்பல் காட்டுவாரும் உளர். இவற்றில் குறை காண்பது நம் நோக்கமன்று. ஆயினும் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் ஒரு பகுதி உண்டு. பழையகாயல், முக்காணி, ஆத்தூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் என ஊர்கள் அடுத்தடுத்து வரும் அவ்வழியில் பேருந்து பொருநையாற்றைக் கடக்கிறது. இருபுறமும் வாழைத் தோட்டங்களும் உப்பளங்களும் தென்படும். பயணிகள் கண்ணயர்ந்திருக்கும் அந்தச் சில கல் தொலைவுக்குள், ஒன்றன்பின் ஒன்றாக மூன்று துறைமுகங்கள் பிறந்து, வாழ்ந்து, மறைந்திருக்கின்றன. உலகப் பயணிகள் தேடி வந்த அவ்விடத்தை நம் பிள்ளைகள் சன்னல் வழியாகக் கூடப் பார்ப்பதில்லை. அவர்களுக்குக் காட்டிக் கொடுக்கும் பொறுப்பு பெற்றோருடையது என்பதனாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

அரபு நூலாசிரியர்கள் இக்கரைக்கு இட்ட பெயர் மஅபர். கொல்லம் முதல் நெல்லூர் வரை நீண்ட கரை முழுவதையும் அவர்கள் அப்பெயரால் குறித்தனர். ‘அபர’ என்னும் வினைச்சொல்லுக்குக் கடத்தல் என்பது பொருள். மஅபர் என்றால் கடக்குமிடம். படிப்பினை என்று நாம் பொருள் கொள்ளும் ‘இப்ரத்’ என்னும் சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான். கண்ணால் கண்ட ஒன்றைக் கடந்து அதன் உட்பொருளைச் சென்றடைவதால் அப்பெயர் வாய்த்தது என்பர் மொழியறிஞர். மதரஸாவில் ஸர்ஃபு பாடம் நடத்தும்போது இச்சொற்குடும்பத்துக்கு எடுத்துக்காட்டாக நம் சொந்தக் கடற்கரையின் பெயரையே கூறுவது நம் வழக்கம். பிள்ளைகள் வியப்புறுவர். அரபு இலக்கணத்தில் தம் மாவட்டத்துக்கு அருகிலுள்ள கரை இடம்பெறும் என அவர்கள் எதிர்பார்ப்பதில்லை.

மூன்று துறைகளுள் மூத்தது கொற்கை. பாண்டியரின் முத்துத் துறையாகச் சங்க நூல்கள் போற்றும் ஊர் அது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்க மாலுமி நூல் கொற்கையின் முத்துக்குளிப்பைக் குறிப்பிட்டு, தண்டனை பெற்ற கைதிகளே அங்கு மூழ்கியதாகக் கூறுகிறது. அடுத்த நூற்றாண்டில் தாலமி தம் புவியியல் நூலில் ‘கொல்கோய்’ என இதனைப் பதிவு செய்தார். கால்டுவெல் ஐயர் 1876–77இல் இங்கு அகழ்ந்து பார்த்து, தாம் கண்டதை 1877இல் வெளியிட்டார். பின்னர்த் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1968–69இல் அகழாய்வு நடத்தியது. அதில் கிடைத்த கரித்துண்டு கி.மு. 785 அளவினது எனக் கரிமக் கணிப்பு காட்டியது. 2021இல் அரசு மீண்டும் அங்கே குழியிட்டது. இன்று கொற்கை ஒரு சிற்றூர். குளமும் வயலும் வாழையும் உண்டு. அருகே அக்கசாலை என்னும் பெயர் மட்டும் நாணயம் அடித்த காலத்தை நினைவூட்டி நிற்கிறது. கடலோ ஆறேழு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

கடல் எப்படி விலகியது? பகைவர் படையெடுப்போ ஊழிப் பேரலையோ காரணமன்று. பொதிகையில் பிறக்கும் பொருநை, தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுகிறது. ஆண்டில் இருமுறை பெருகி, மலையிலிருந்தும் வயல்களிலிருந்தும் மண்ணைச் சுமந்து கீழே வருகிறது. ஆழமற்ற மன்னார் வளைகுடாவின் ஓரத்தை அடைந்ததும் நீரின் வேகம் தணிய, மண் படிகிறது. படிந்த மண் முதலில் திட்டாகும், திட்டுக்குப் பின்னால் உப்பங்கழி தேங்கும், கழி தூர்ந்து சேறாகும், சேறு வயலாகும். ‘காயல்’ என்னும் சொல்லே இந்தக் கழியைத்தான் குறிக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளில் ஆறேழு கிலோமீட்டர் என்று கொண்டால், ஆண்டொன்றுக்குத் தோராயமாக மூன்று மீட்டர் நிலம் வளர்ந்திருக்கிறது. ஒரு மனிதனின் உழைக்கும் வயதில் நூறு மீட்டர். பாட்டன் தோணி கட்டிய முளையில் பேரன் மாடு கட்டுவான். இடையில் எந்த நாளில் துறை இறந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. நாகரிகங்களின் வீழ்ச்சிக்கு வாளையும் தீயையும் மட்டுமே காரணம் காட்டிப் பழகிய நம் வரலாற்றுப் பாடநூல்கள் இந்த வண்டலுக்கு ஒரு வரியும் ஒதுக்குவதில்லை என்பது நமக்குள்ள நெடுநாள் மனக்குறை.

கொற்கை தூர்ந்ததும் வணிகர் ஆற்றைக் கைவிடவில்லை. ஆறு சென்ற திசையிலேயே தாமும் சென்றனர். அவ்வாறு எழுந்ததே காயல் துறை. வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ சீனத்திலிருந்து கடல்வழியே திரும்பும்போது, 1292–93 அளவில் இக்கரைக்கு வந்தார். அப்போது மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்டுகொண்டிருந்தான். காயலைப் பெரிய, சிறந்த நகரம் எனப் போற்றும் போலோ, ஹுர்முஸ், கைஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்தும் அரபு நாடு முழுவதிலிருந்தும் குதிரைகளையும் பிற சரக்குகளையும் ஏற்றிவரும் கப்பல்கள் எல்லாம் இத்துறையைத் தொடுகின்றன என்கிறார். வணிகரை மன்னன் நேர்மையாக நடத்துவதால் அவர்கள் விரும்பி வருகின்றனர் என்பதும் அவர் குறிப்பு.

அக்கப்பல்கள் எத்தகையவை என்பதைச் சற்று நின்று பார்த்தல் தகும். இக்காலத்தில் துணிகரப் பயணம் என்று சொல்லி, மிதவைச் சட்டை அணிந்து, அரைமணி நேரம் விசைப்படகில் சுற்றிவருகிறோம். ஹுர்முஸில் கட்டப்பட்ட கலங்களைப் போலோ கண்டபோது அஞ்சினார். இரும்பாணி இல்லை, பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருந்தனர். பாய்மரம் ஒன்று, பாய் ஒன்று, சுக்கான் ஒன்று. மேல்தளம் கிடையாது. சரக்கை நிரப்பி அதன்மேல் தோலை விரித்து, அத்தோலின்மேல் குதிரைகளை நிறுத்தி இந்தியாவுக்கு ஓட்டி வந்தனர். பல கலங்கள் மூழ்கிப் போயின என்று அவரே எழுதியிருக்கிறார். அலையில் ஆடும் தைத்த பலகையின்மேல், மிரளும் குதிரையின் கடிவாளத்தைப் பற்றிக்கொண்டு வாரக்கணக்கில் நின்ற அந்தப் பெயரறியாக் குதிரைக்காரனை வரலாறு மறந்துவிட்டது. நம் நினைவுக்கு முதலில் வருபவன் அவனே.

வழி எப்படித் தெரிந்தது? காற்றின் பருவத்தை அரபுகள் மவ்ஸிம் என்றனர். ஐரோப்பிய மொழிகளில் பருவக்காற்றுக்கு வழங்கும் சொல் அதன் திரிபே. எந்த மாதத்தில் எந்தத் துறையை விட்டுப் புறப்பட்டால் எங்கே சேரலாம் என்பது மாலுமிகளுக்கு மனப்பாடம். இரவில் விண்மீனின் உயரத்தை அளக்க அவர்களிடம் ‘கமால்’ இருந்தது. சிறு மரப்பலகை, அதன் நடுவில் முடிச்சுகள் இட்ட நூல். நூலைப் பல்லில் கடித்து, பலகையைக் கண்ணெதிரே நீட்டி, கீழ் விளிம்பு தொடுவானத்திலும் மேல் விளிம்பு துருவ மீனிலும் பொருந்துமாறு பிடிப்பர். எந்த முடிச்சில் பொருந்துகிறதோ அதைக்கொண்டு எந்தத் துறைக்கு நேராக இருக்கிறோம் என அறிவர். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் அஹ்மத் இப்னு மாஜித் தம் கடல்நூலில் விண்மீன் உயரங்களை ‘இஸ்பஃ’, அதாவது விரல் என்னும் அளவால் வகுத்துக் கூறுகிறார். இதே கருவி நம் சோழமண்டலக் கரையின் தமிழ் மாலுமிகளிடமும் இருந்தது. அவர்கள் அதற்கு ‘இராப்பலகை’ என்று பெயரிட்டு வழங்கியதை 1850இல் ஆங்கிலேயர் ஒருவர் பதிவு செய்திருக்கிறார். இராப்பலகை! எத்துணை அழகான பெயர். நம் அகராதிகளில் இதனைத் தேடிச் சேர்ப்பார் வேண்டும்.

இனிக் குதிரைக்கு வருவோம். குதிரையின்றிப் பாண்டியருக்குப் படை இல்லை. ஆனால் பாண்டிய நாட்டில் நல்ல குதிரை பிறப்பதில்லை. ஆகவே முத்து வெளியே சென்றது, குதிரை உள்ளே வந்தது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் கணக்கு மலைப்பூட்டுவது. கைஷ் தீவின் அதிபர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் இப்ராஹீம் அத்தீபீ தம் சொந்தக் குதிரைகளுள் ஆண்டுக்கு 1,400 அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். கதீஃப், லஹ்ஸா, பஹ்ரைன், ஹுர்முஸ் ஆகிய இடங்களிலிருந்து வந்தவற்றையும் சேர்த்தால் முன்னாளில் ஆண்டுக்கு 10,000 குதிரைகள்; ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார்; மொத்தம் 22 இலட்சம் தீனார். வழியில் இறந்த குதிரைக்கும் பாண்டியன் கருவூலத்திலிருந்து விலை கொடுக்க வேண்டும். பெருக்கிப் பார்த்தால் கணக்குச் சரியாகவே வருகிறது. ஆயினும் மார்க்கோ போலோ, மன்னன் வாங்குவதாகக் கூறுவது இரண்டாயிரத்துச் சொச்சம் குதிரைகள். அவன் உடன்பிறந்தாரும் அவ்வாறே வாங்கினர் என்கிறார். வஸ்ஸாஃப் சொல்லலங்காரத்தில் பெருவிருப்பமுள்ளவர். பாரசீகத்தில் இருந்துகொண்டு கேட்டறிந்ததை எழுதியவர். போலோ நேரில் வந்தவர். ஆகவே பத்தாயிரம் என்னும் எண்ணை மேடைதோறும் முழங்குவதை நாம் விரும்புவதில்லை. சில ஆயிரம் என்று சொன்னாலே போதிய பெருமை உண்டு.

அந்தக் குதிரைகள் என்ன ஆயின? ஆண்டு முடிவில் நூறு கூட மிஞ்சவில்லை என்கிறார் போலோ. சோறும் இறைச்சியும் சமைத்து ஊட்டினராம். பராமரிக்கத் தெரிந்தவர் நாட்டில் இல்லை. லாடமடித்து வைத்தியம் பார்க்கும் கைத்தேர்ச்சியுடையோரை வணிகர்கள் இங்கு அழைத்து வரவும் இல்லை, பிறர் அழைத்து வர விடவும் இல்லை. குதிரை இறந்தால்தானே அடுத்த ஆண்டும் வாணிகம்! நம் முன்னோருள் வணிகர்களைப் பற்றிப் பேசும்போது அவர்களின் வாய்மையையும் கொடையையும் மட்டும் எடுத்துரைப்பது நம் எழுத்தாளரிடையே வழக்கமாகிவிட்டது. இந்தச் செய்தியையும் அதனோடு சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது நம் கருத்து. போலோ மிகைப்படுத்தியிருக்கலாம் என்பார் உளர். ஆனால் ஆண்டுதோறும் அத்தனை குதிரை வேண்டியிருந்ததற்கு வேறு விளக்கம் எளிதில் கிடைப்பதில்லை.

ஜமாலுத்தீனின் உடன்பிறந்தார் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் இங்கேயே தங்கினார். பாண்டியனின் அமைச்சராகவும் ஆலோசகராகவும் விளங்கி, பத்தன், மலீபத்தன், காயல் ஆகிய துறைகளைத் தம் பொறுப்பில் வைத்திருந்தார் என்று வஸ்ஸாஃப் கூறுகிறார். நம்மில் சிலர் ஆர்வமிகுதியால் அவரைக் காயலின் சுல்தானாகவே எழுதிவிடுகின்றனர். மூலநூல் அவ்வாறு கூறவில்லை. ஓர் இந்து மன்னன், அயல்நாட்டு முஸ்லிம் ஒருவரை நம்பித் தன் துறைமுகங்களை ஒப்படைத்தான். அவரும் அந்நம்பிக்கைக்கு உரியவராய் இருந்தார். இது முடிசூட்டிக்கொள்வதைவிடப் பெரிது என்றே நமக்குத் தோன்றுகிறது. ஜமாலுத்தீனின் மைந்தர் ஃபக்ருத்தீன் அஹ்மத், பாரசீகத்தை ஆண்ட காஸான் கானின் தூதராகச் சீனப் பேரரசரிடம் அனுப்பப்பட்டார். சில ஆண்டுகள் அங்கே தங்கி, திரும்பும் வழியில், மஅபருக்கு இரண்டு நாள் பயணமே எஞ்சியிருந்தபோது ஹிஜ்ரி 704இல், அதாவது கி.பி. 1305 அளவில், கப்பலிலேயே இறந்தார். இக்கரையில், தம் சிறிய தந்தையின் கபுறுக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார். ஐந்தாறு ஆண்டுகளுக்குள் குலசேகரனும் மறைந்தான்; அவன் மக்களிடையே மூண்ட உட்பகையும், 1311இல் மாலிக் காஃபூரின் படையெடுப்பும் பாண்டிய நாட்டைக் குலைத்தன.

இவ்விடத்தில் உள்நாட்டாராகிய நம்மைப் பற்றியும் ஒரு சொல். கடற்கரையார் மரக்காயர், நாம் இராவுத்தர். கப்பல் அவர்களுடையது, நமக்கென்ன என்று எண்ணுவோர் நம் ஊர்களில் இருக்கின்றனர். இராவுத்தர் என்னும் சொல்லுக்குக் குதிரைவீரர் என்பது பொருள். அந்தக் குதிரை மலையிலிருந்து இறங்கியதன்று, மரக்கலத்திலிருந்து இறங்கியது. கடற்கரையில் இறங்கி மதுரைக்கு ஓட்டிச் செல்லப்பட்டது உள்நாட்டு வழிகளில்தான். வாதவூரர், அரசனின் பொருளைப் பெற்றுக் குதிரை வாங்கச் சென்றதாகவும், இறைவனே குதிரை வணிகனாய் வந்ததாகவும் திருவிளையாடற் புராணம் கூறும் கதை நம் சைவ நண்பர்கள் நன்கறிந்தது. அக்கதையிலும் குதிரைக்காகச் செல்லும் அமைச்சர் கடற்கரைத் திசையையே நோக்கி நடக்கிறார். ஆகவே காயல் துறை காயலாருக்கு மட்டும் உரிய முதுசொமன்று. பரதவருக்கும் அதில் பங்குண்டு. முத்தெடுக்கக் கடலில் மூழ்கியவர்கள் அவர்களே. சுறாமீன்களை மந்திரத்தால் கட்டி வைப்பவருக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கும், மன்னனுக்குப் பத்தில் ஒரு பங்கும் சென்றதாகப் போலோ சொல்கிறார். இரவில் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்களாம். அப்போதுதான் திருடன் மூழ்கமாட்டான்! மன்னார் வளைகுடாவின் தூத்துக்குடிக் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல்.

போலோ கண்ட காயல் எது என்பதில் நெடுங்காலமாக ஒரு வழக்கு உண்டு. ஆற்றின் வடபுறம் பழையகாயல். தென்புறம், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிக் காயல்பட்டினம். நடுவே ஆற்றுமுகத்தில் புன்னைக்காயல். கால்டுவெல் பழையகாயலுக்குத் தீர்ப்பளித்தார். அங்கே இரண்டு மூன்று மைல் பரப்பில் ஓடுகளும் பானைச் சில்லுகளும் சிதறிக் கிடந்ததையும், சீனப் பீங்கான் துண்டுகளைத் தாமே பொறுக்கி எடுத்ததையும் அவர் எழுதியிருக்கிறார். காயல்பட்டினத்தாருக்கு இத்தீர்ப்பு உவப்பானதன்று. தம் ஊரின் பழம்பள்ளிகளையும் கல்வெட்டுகளையும் அவர்கள் எடுத்துக்காட்டுவர். அதிலும் நியாயம் இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேணாட்டரசர் உதயமார்த்தாண்டர் காயல்பட்டினத்துப் பள்ளிக்குத் தம் பெயரால் உதயமார்த்தாண்டப் பெரும்பள்ளி என்று பெயர் சூட்டி, துறைமுக வருவாயில் ஒரு பங்கைக் கொடையாக அளித்த கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அப்பொழுதே அங்கே காழியும் பெரும்பள்ளியும் இருந்தன என்றால், பழையகாயல் அழிந்த பின்னரே காயல்பட்டினம் தோன்றியது என்னும் கூற்று நிற்காது.

நம் எண்ணம் இதுவே: காயல் என்பது ஒரு படித்துறையின் பெயரன்று, ஆற்றுமுகம் முழுவதற்கும் வழங்கிய பெயர். கப்பல் நிற்க ஓரிடம், சரக்கிறக்க ஓரிடம், குடும்பத்தோடு குடியிருக்க உயர்ந்த மணல்மேடு ஓரிடம் என்று மக்கள் பரந்து வாழ்ந்திருப்பர். கழி தூர்ந்தபோது வடபுறத்தார் இடம் பெயர்ந்தனர். மணல்மேட்டில் இருந்தவர் நிலைத்தனர். இன்றும் சென்னைத் துறைமுகம் என்றால் கப்பல் நிற்குமிடமும் மாலுமியின் வீடும் ஒரே தெருவில் இருப்பதில்லையே. இரு ஊராரும் ஒருவரையொருவர் மறுக்க வேண்டிய தேவை இல்லை. பீங்கான் சில்லுகள் வடகரையிலும், பள்ளிவாசல்கள் தென்கரையிலும் இருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் நமக்குப் புலப்படவில்லை.

காயலின் புகழ் பாண்டியரோடு முடிந்துவிடவில்லை. மதுரையில் சுல்தான்கள் ஆண்ட காலத்தில் இப்னு பதூதா இலங்கையிலிருந்து புறப்பட்டு, கப்பல் உடைந்து, இக்கரையில் ஒதுங்கினார். அவர் பத்தன் என்னும் துறையில் கண்ட ஒன்று நினைவில் நிற்கத் தக்கது. கடலுக்குள் பருத்த மரத்தூண்களை நட்டு, அவற்றின்மேல் மண்டபம் கட்டி, கரையிலிருந்து கூரை வேய்ந்த மரப்பாலத்தால் இணைத்திருந்தனர். பகைவர் வரும்போது கப்பல்களை அதனோடு பிணைத்து, வீரர்கள் மேலேறிக் காவல் காத்தனர். அவ்வூரில் கல்லால் கட்டிய அழகிய பள்ளியும், திராட்சையும், நல்ல மாதுளையும் இருந்தன என்கிறார். அந்தப் பத்தனைப் பெரியபட்டினம் என்று சிலரும், வேறு ஊர் என்று சிலரும் கூறுவர். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்துக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கப்பல்கள் காயலைத் தொட்டன. சீனப் பதிவுகளில் அது ‘ஜியாயிலெ’. அவரும் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். பின்னர்ப் போர்ச்சுக்கீசியர் வந்தனர். முத்துத்துறைக்காக எழுந்த பூசலில் பரதவரும் முஸ்லிம்களும் எதிரெதிராய் நிற்க நேர்ந்தது. 1538இல் வேதாளைக் கரையில் மரக்காயர் படை தோற்றது. அக்காலத் துன்பங்களை விரித்தால் கட்டுரை நீளும். துறை அதற்குள் ஆற்றுமுகத்துப் புன்னைக்காயலுக்கு நகர்ந்திருந்தது. அங்கேதான் 1586இல் ‘அடியார் வரலாறு’ என்னும் தமிழ் நூல் அச்சேறியது என்பதை அச்சுக்கலை வரலாறு அறிந்தோர் அறிவர். புன்னைக்காயலும் தூர்ந்தது. வணிகம், ஆறு பாயாத தூத்துக்குடிக்குச் சென்றது. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடியில், ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு கல்லணைகளைக் கடலுக்குள் கட்டிய பிறகே பெருங்கப்பல்கள் கரை அணைந்தன. மூன்று துறைகளை இழந்தபின் மனிதன் ஆற்றை நம்பாமல் கல்லை நம்பினான் போலும்.

போய்ப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கோட்டை இல்லை, கோபுரம் போன்ற கலங்கரை விளக்கம் இல்லை, சீட்டுக் கொடுத்து உள்ளே விடும் காட்சிசாலை இல்லை. நம் மாணவர் சிலருடன் ஒரு தை மாதத்தில் அவ்வழி சென்றிருந்தோம். கொற்கையில் வயல் வரப்பில் கிடந்த சிப்பியை ஒரு சிறுவன் எடுத்து, “ஹஸ்ரத், இங்கே கடை போட்டு விற்றார்களா?” என்று கேட்டான். கடல் இருந்தது என்றோம். அவன் நாற்புறமும் வாழையைப் பார்த்துவிட்டு நம்மையும் பார்த்தான், நம்பியதாகத் தெரியவில்லை. பழையகாயலில் உப்பளங்களின் வெண்மை கண்ணைக் கூசச் செய்தது. மாலையில் காயல்பட்டினத்துப் பள்ளிகளில் கல்தூண்களைக் கண்டோம். அரபுக் கவிதை போல் எழுத்து வெட்டிய பழைய மீசான் கற்களை, எழுத்துக் கூட்டிப் படிக்குமாறு பிள்ளைகளிடம் விட்டுவிட்டோம். வீட்டில் மனப்பாடம் செய்த எழுத்தைக் கல்லில் தடவிப் படித்தபோதுதான் அந்தச் சிறுவனின் முகத்தில் ஐயம் சற்றுக் குறைந்தது.

இங்கே நமக்கு ஒரு வருத்தம் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. பழம்பள்ளிகளைப் புதுப்பிக்கும் ஆர்வம் நம் சமுதாயத்தில் பெருகியிருக்கிறது. பளிங்கு பதிக்கிறோம்; ஓடு ஒட்டுகிறோம்; ஆண்டுதோறும் சுண்ணாம்பும் வண்ணமும் பூசுகிறோம். அதற்குள் எழுத்து வெட்டிய கல் எத்தனை மூடப்படுகிறது, படிக்கட்டாக எத்தனை திருப்பிப் போடப்படுகிறது என்று கணக்கெடுப்பார் இல்லை. வஸ்ஸாஃபின் பத்தாயிரம் குதிரைகளை மெய்ப்பிக்க ஒரு கல்லும் உதவாது. ஆனால் இன்ன ஹிஜ்ரியில் இன்னார் மகன் இன்னார் இங்கே மரணித்தார் என்று சொல்லும் ஒரு மீசான் கல், நாம் இக்கரையில் எத்தனை காலமாக வாழ்கிறோம் என்பதற்கு எவரும் மறுக்க முடியாத பத்திரம். நிலப்பத்திரத்தை இரும்புப் பெட்டியில் வைக்கிறோம். இந்தப் பத்திரத்தின்மேல் வண்ணம் பூசுகிறோம். புதுப்பிக்கும் முன் கல்லைப் படமெடுத்து, படிக்கத் தெரிந்தவரிடம் காட்டி, எழுதி வைத்த பிறகு கொத்தனாரை அழைத்தால் என்ன? செலவு மிகச் சிறிது.

செல்ல விரும்பும் குடும்பத்தார்க்குச் சில சொற்கள். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர்ச் சாலையில் ஆற்றோடே இறங்குவது நல்லது. ஆதிச்சநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என ஆற்றின் வயதையும் பார்த்துக்கொண்டே போகலாம். தை, மாசி மாதங்களில் வெயில் பொறுக்கத் தக்கது. கொற்கையைக் காலையிலும், உப்பளங்களைப் பொழுது சாயும் முன்பும் பாருங்கள். கழிமுகத்தில் படகேற விரும்பினால் நீரோட்டம் அறிந்த உள்ளூர் மீனவரின் சொல்லைக் கேளுங்கள். ஆறும் கடலும் கலக்குமிடத்தில் அடிமணல் நாளுக்கு நாள் இடம் மாறும். பிள்ளைகளை அங்கே நீரில் இறங்க விடாதீர்கள். காயல்பட்டினத்துக் கடற்கரையில் மாலைக்காற்றுக்குக் குடும்பங்கள் கூடும். அங்கே அமர்ந்து வடக்கே பார்த்தால், பொருநை கடலோடு கலக்கும் திசை அதுதான்.

மார்கழி மாதத்தில் மட்டும் போகவேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அக்கரையில் பெய்த மழையை நம் வட்டாரம் எளிதில் மறவாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் தொடர்வண்டி ஒன்று நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்தின் நடுவே நின்றுவிட்டது. ஏரலில் கடைத்தெரு மூழ்கியது. புன்னைக்காயலைச் சுற்றிலும் நீர். கொற்கை வயல்களில் மீண்டும் படகு செல்லும்படி ஆயிற்று. சில நாட்களில் வெள்ளம் வடிந்தது. வீடு வீடாகவும் கடை கடையாகவும் மண்வெட்டி கொண்டு சேற்றை வாரித் தெருவில் குவித்தனர். வாரப்படாத சேறு, வழக்கம்போல், ஆற்றோடு சென்று புன்னைக்காயல் முகத்தில் படிந்தது.